நூற்று நாற்பத்தாறு பேரும் நலம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் தணிகாசலம் மனிதவள மேலாளர். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயர் சின்ன எழுத்திலும் பதவி பெரிய எழுத்திலும் இருக்கும். வருடத்தில் முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் அவர் வருகைப் பதிவேடும் விடுப்பு மனுவும் பார்க்கிற சாதாரண மனிதர். மார்ச் மாதத்தில் ஒரு பத்து நாள் மட்டும் அவருக்கு வேறு ஒரு களை வந்துவிடும்.

ஆலையின் குழு மருத்துவக் காப்பீடு ஏப்ரலில் புதுப்பிக்கப்படும். அதற்கு முன் அந்தப் பத்து நாளில் ஒவ்வொருவரும் குடும்பத்தில் யார் யாரைச் சேர்க்க வேண்டும், யாருக்கு என்ன நோய் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்த நோய்க்கு முதல் நாளிலிருந்தே ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். எழுதாமல் விட்டதற்குக் கிடைக்காது. பத்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கணினி கதவைச் சாத்திக்கொள்ளும். அப்புறம் அடுத்த மார்ச்தான்.

விஷயம் இவ்வளவுதான். தணிகாசலம் இதை நான்கு பக்கச் சுற்றறிக்கையாக்கி, அதற்கு ‘வெளிப்படைத்தன்மையே ஆரோக்கியத்தின் நுழைவாயில்’ என்று தலைப்பும் கொடுத்து, கேட்டில் ஃபிளெக்ஸும் கட்டுவார். ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் ஒரு வருடம் தானாகவே அவர் படத்தின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஒன்றை மாட்டிவிட்டார். தணிகாசலம் அதை எடுக்கச் சொல்லவில்லை. அடுத்த வருடமும் அதே படத்தையே போடச் சொன்னார்.

இந்த வருடம் சிக்கல் என்னவென்றால், எழுதிக் கொடுக்க அவரிடமே ஒன்று இருந்தது.

ஒன்றரை வருடமாக அவருக்கு விரைவீக்கம், ஊர்ப்பேச்சில் ஓதம். முதலில் எலுமிச்சை அளவில் இருந்தது இப்போது அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது. பொன்னேரி டாக்டர் ஆபரேஷன்தான் வழி என்றார். சர்க்கரையும் இருப்பதால் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் செய்துகொள்வது நல்லது, மே மாதத்தைத் தாண்டவிடாதீர்கள் என்றார். கையில் இருந்ததெல்லாம் மகளுடைய கல்லூரிக்குப் போய்விட்டது. காப்பீட்டை விட்டால் வேறு வழியில்லை. காப்பீட்டுக்கு அந்த நோய் படிவத்தில் இருந்தாக வேண்டும்.

மனைவி கல்பனாவுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடச் சொன்னாள். நான்காம் நாளும் எழுதவில்லை என்று தெரிந்தபோது தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“கம்பெனி பூரா ஃபாரம் ரொப்புன்னு போர்டு கட்டிக்கினு கீறீங்க. உங்களுது மட்டும் இன்னா கர்ப்பக்கிரகமா, ஒருத்தரும் பாக்கக் கூடாதுன்றதுக்கு?”

“பதவின்னு ஒண்ணு இருக்குது கல்பனா.”

“பதவிக்கா வலிக்குது?”

குழம்பில் உப்பு அதிகம் என்றார். அதிகமில்லை.

ஒன்றரை வருடமாக அவர் அதை மறைத்து வந்த விதத்துக்கே ஒரு கேடயம் கொடுக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தால் வலிக்கிறது என்பதற்காக, மனிதவளத் துறைக் கூட்டங்களை எல்லோரும் நின்றபடி நடத்தும் முறையைக் கொண்டுவந்தார். வெளிநாடுகளில் இப்படித்தான், நின்றால் முடிவுகள் விரைவாக வரும் என்று விளக்கினார். உதவியாளர் வினோதாவும் கணக்குப் பிரிவுப் பெரியவர்கள் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். பேன்ட் இறுக்கியதும் வெள்ளிக்கிழமைகளைப் பாரம்பரிய உடை நாளாக அறிவித்தார். வேட்டியின் பெருமை பற்றி நோட்டீஸ் போர்டில் ஒரு பக்கம் எழுதினார். பிறகு பாரம்பரியம் புதன்கிழமைக்கும் பரவியது. காலை மின்சார ரயிலில் பொன்னேரியில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டார். யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால், இளைஞர்கள் நிற்கப் பழக வேண்டும் என்று அவர்களுக்கே அறிவுரை சொல்வார்.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும் ஒரு படிவத்தில் ஒரு வரி எழுத முடியாமல் போனதற்குக் காரணம், இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச்சில் கேன்டீனில் நடந்தது.

அப்போதெல்லாம் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆட்களுக்கு நிரப்பத் தெரியாது என்று தணிகாசலமே கேன்டீனில் மேசை போட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் வரிசையாகக் கூப்பிட்டு, தமிழில் கேட்பார். வினோதா பக்கத்தில் தட்டச்சுச் செய்வாள். ஃபேன் சத்தத்தில் காது கேட்காது என்று கையில் மைக். ஆள் சொன்னதைச் சரிதானா என்று திரும்ப ஒரு தடவை மைக்கில் வாசிப்பார். அப்படித்தான் ஒருவருடைய மூலமும், இன்னொருவர் மனைவிக்குக் குழந்தை நிற்காததும், மூன்றாமவர் தகப்பனாருடைய வலிப்பும் சாம்பார் சாதத்தோடு எல்லோருக்கும் பரிமாறப்பட்டன. இதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. வெளிப்படைத்தன்மை என்று நினைத்தார். நடுநடுவே ஜோக்கும் சொல்வார். சிரிப்பு வந்தால் வரிசை அலுக்காது என்பது அவர் கருத்து.

ரோலிங் பிரிவு முனுசாமி அன்று வரிசையில் வந்தார். நாற்பத்தைந்து வயது, காய்ந்த உடம்பு, அளந்து பேசுகிற ஆள். நாலாக மடித்த டாக்டர் சீட்டை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். தணிகாசலம் பிரித்துப் பார்த்துவிட்டு மைக்கில் கேட்டார்.

“இன்னா முனுசாமி, ஓதமா? கேட்ல செக்யூரிட்டி உன்ன நல்லா தடவிப் பாக்குறாங்களா? ஸ்டோர்ல பேரிங்கு குண்டு கொறையுதுன்னு போன மாசம்தான் கம்ப்ளைன்ட் வந்துது.”

கேன்டீன் அதிர்ந்தது. சாம்பார் ஊற்றுகிற அம்மாளுக்குக் கரண்டி ஆடியது. சிரிக்காமல் நிற்பது இன்னும் அசிங்கமாக இருக்கும் என்று முனுசாமியும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் குனிந்து சீட்டை எடுத்துக்கொண்டு, “இல்லன்னே போட்டுக்கங்க சார்” என்றார்.

அன்று சாயங்காலத்திலிருந்து முனுசாமிக்குப் பெயர் பேரிங்கு. சம்பளச் சீட்டில் மட்டும்தான் முனுசாமி.

போன வருடம் மார்ச்சில் ஓர் அதிசயம் நடந்தது. மேசை முன்னால் வந்த ஒவ்வொருவரும் நோய் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றார்கள். உலைக்கு முன்னால் இருபது வருடம் நின்றவர்களுக்கும் இல்லை. சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை அட்டை துருத்திக்கொண்டு நின்ற கணக்கருக்கும் இல்லை. மனைவி, மக்கள், மாமனார், மாமியார் உட்பட ஆலை முழுக்க ஒருவருக்கும் தலைவலிகூட இல்லை. நூற்று நாற்பத்தாறு பேர், நூற்று நாற்பத்தாறு ‘இல்லை’. கடைசியாக எழுதிய ‘இல்லை’ தணிகாசலத்துடையது. அப்போது அவருக்கு வீக்கம் வந்து ஆறு மாதம்.

அவர் இதை யோசித்துப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாகச் சென்னை தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினார். சென்னையில் ஒரு ஹோட்டலில் விழா நடத்தி ‘நலமிகு ஆலை’ என்று கேடயம் கொடுத்தார்கள். ஏற்புரையில் தணிகாசலம் யோகாசனத்துக்கு நன்றி சொன்னார். ஆலையில் ஒரே ஒரு நாள், படம் எடுப்பதற்காக, யோகாசனம் நடந்திருந்தது. மேடையில் நாற்காலி போட்டிருந்தும் அவர் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துத் தலைமை அலுவலகத்துக்காரர்கள் பணிவு என்று நினைத்தார்கள்.

ஆகஸ்டில் கிரேன் ஓட்டுகிற அன்புராஜின் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்ததால், முன்பே இருந்த நோயை மறைத்ததாகச் சொல்லிக் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். தணிகாசலம் அன்புராஜைக் கூப்பிட்டு, சுற்றறிக்கை நான்கு பக்கத்தையும் படிக்கவில்லையா, ஏன் எழுதவில்லை என்று கண்டித்தார். அன்புராஜ் சண்டைக்கு வரவில்லை. மறுப்புக் கடிதத்தை மேசையில் வைத்தார்.

“அத நீங்க மைக்ல சொல்லக் கூடாதுன்னுதான் சார் எழுதல.”

அந்த வாக்கியத்தை அன்றே மறந்துவிடலாம் என்றுதான் தணிகாசலம் நினைத்தார். ஆனால் ஒரு மாதம் கழித்துப் பொன்னேரியில் டாக்டர் அறைக் கதவு திறந்திருக்க, வெளியே பெஞ்சில் ஆறேழு பேர் உட்கார்ந்திருக்க, டாக்டர் உரத்த குரலில் எத்தனை நாளாக இந்த வீக்கம் என்று கேட்டபோது, தணிகாசலம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்காரும்போது முனுசாமி நாலாக மடித்து வைத்த சீட்டு ஞாபகம் வந்தது. அவ்வளவு சின்னதாக ஏன் மடித்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. காது மடல் சுட்டது. டாக்டர் காய்ச்சலும் இருக்கிறதா என்று கேட்டார்.

இந்த வருடம் காப்பீட்டுக் கம்பெனியே விழித்துக்கொண்டது. உலை எரிகிற இடத்தில் ஒருவருக்குக்கூட முதுகுவலி இல்லை என்பதை நம்ப முடியவில்லை, நேரில் ஆள் வைத்துக் கேட்டு எழுதினால்தான் புதுப்பிப்போம் என்று எழுதினார்கள். காப்பீட்டுத் தரகு நிறுவனத்திலிருந்து ஸ்நேகா என்ற பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தணிகாசலம் கேடயத்தைக் காட்டினார். நல்லா இருக்கு சார் என்றாள். பிறகு கணினியின் கடவுச்சொல்லை வாங்கி மாற்றிவிட்டாள். வீட்டிலிருந்தே யாரும் அறியாமல் தன் வரியைத் தானே சேர்த்துவிடலாம் என்று தணிகாசலம் வைத்திருந்த திட்டம் அந்த ஒரு நிமிடத்தில் போயிற்று.

படிவத்தை அவள் தமிழில் கொண்டுவந்திருந்தாள். உறை மேல் பெயர் கிடையாது, பணியாளர் எண் மட்டும்தான். எழுதியதும் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். பிரித்துக் கணினியில் ஏற்றுவது அவள் மட்டும். ஆனால் உட்கார்ந்து கேட்டு எழுத ஆலைக்குள்ளேயே ஓர் ஆள் வேண்டும், பாஷை பழகிய ஆளாக இருந்தால் நல்லது, யாரை வைக்கலாம் என்று கேன்டீனில் நின்று கேட்டாள். தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார். பின்னாலிருந்து நாலைந்து பேர் பேரிங்கு என்றார்கள். ஸ்நேகாவுக்குப் புரியவில்லை. அன்புராஜ் எழுந்து, முனுசாமி என்று திருத்தினார். ஏன் அவர் என்று அவள் கேட்டாள்.

“அவராண்ட சொன்னா அது அங்கியே நிக்கும் மேடம்.”

கேன்டீனில் யாரும் தணிகாசலத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்து வைத்தார்.

ஸ்டோருக்குப் பின்னால் சேஃப்டி ஷூ பெட்டிகள் அடுக்குகிற அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தாழ்ப்பாள். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு நிமிடத்தில் வருவார்கள் என்று தணிகாசலம் எதிர்பார்த்தார். பத்து நிமிடம், கால் மணி ஆயிற்று. வெளியே வந்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். போன வருடம் இல்லாத நோயெல்லாம் அந்த அறையில் ஒன்றன் பின் ஒன்றாகப் பிறந்துகொண்டிருந்தது.

தினமும் அவர் ஏதாவது சாக்கில் ஸ்டோர் பக்கம் போனார். கதவு வரைக்கும் போய்விட்டு, ஷூ இருப்பை விசாரித்துவிட்டுத் திரும்பினார். எட்டாம் நாள் ஸ்டோர்காரர், ஷூ இருப்பைக் காகிதத்தில் எழுதி அவர் மேசைக்கே அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் நான்கு மணிக்கு ஸ்நேகா கணினியைப் பார்த்தபடி, நூற்று நாற்பத்தைந்து முடிந்தது, பாக்கி அவர் மட்டும்தான் என்றாள். வினோதா பக்கத்தில் இருந்தாள். தணிகாசலம் சிரித்தார். தனக்கு ஒன்றும் இல்லை, ‘இல்லை’ என்று அவளே போட்டுவிடலாம் என்றார். ஸ்நேகா முடியாது என்றாள். ‘இல்லை’ என்றாலும் அந்த அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும், எம்.டி.க்கும் அதே விதி, அவர் முதல் நாளே வந்து போய்விட்டார் என்றாள்.

நாலரைக்குத் தணிகாசலம் ஷூ அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடலாமா என்று யோசித்துப் போட்டார்.

முனுசாமி எழுந்து நிற்கவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினார். பத்து நாளாக அந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டதில் அவர் முகத்தில் ஓர் அலுப்பு வந்திருந்தது. தணிகாசலம் நாற்காலியின் நுனியில் ஒரு பக்கமாக, கையை ஊன்றி, மெல்ல இறங்கி உட்கார்ந்தார். முனுசாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பெயர், மகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டு எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது. நோய் என்ற இடம் வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சர்க்கரை என்றார் தணிகாசலம். முனுசாமி எழுதினார். வேறு என்று கேட்டார். தணிகாசலம் ஷூ பெட்டிகளைப் பார்த்தார். ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர். வெளியே கிரேன் நகர்கிற சத்தம் கேட்டது.

“நீங்க குந்தறப்பவே தெரிஞ்சுது சார். நானும் மூணு வருசம் அப்டித்தான் குந்திக்கினு இருந்தேன்” என்றார் முனுசாமி. பேனாவைத் தாளில் வைத்து, “வாயால சொல்றீங்களா, நானே எழுதிக்கட்டுமா?” என்றார்.

குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தணிகாசலம் தேடினார். இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்பட்டிருக்கலாம், கையெழுத்துப் போடாமல் எழுந்து போயிருக்கலாம். இல்லை.

“எழுதிக்கப்பா” என்றார்.

முனுசாமி எழுதினார். எத்தனை மாதமாக, எந்தப் பக்கம், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தணிகாசலம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். யாரிடமும் சொல்லாததை ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதில் ஓர் இளைப்பாறல் இருந்தது. அதை அனுபவிக்கிறோம் என்று தெரிந்ததும் அதற்கும் கூசிற்று. கையெழுத்துப் போட்டார். முனுசாமி தாளை உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, அவர் கண்ணெதிரே உறை மேல் எண்ணை எழுதினார்.

தணிகாசலம் எழுந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தார். இருபத்திரண்டு வருடமாகச் சுற்றறிக்கை எழுதிய வாய்க்கு அதற்கு ஏற்ற வாக்கியம் கிடைக்கவில்லை. அந்தப் பேனா நன்றாக எழுதுகிறது என்றார். முனுசாமி பேனாவைப் பார்த்துவிட்டு, மேடம் கொடுத்தது என்றார்.

“உனக்கு... சரியாயிடுச்சா?”

“அந்த ஜூன்லயே ஆபரேசன் பண்ணிக்கினேன் சார், கவர்மென்ட் ஆஸ்பத்திரியில. நல்லாப் பண்ணாங்க.” முனுசாமி உறையை ஓரமாக வைத்தார். “பதினஞ்சு நாள் ரெஸ்ட்டுன்னுவாரு டாக்டரு. முழுசா எடுத்துக்கங்க சார். பாதியில வந்துடாதீங்க. நான் ஆறாம் நாளே வந்துட்டேன், தையல் பிரிஞ்சுக்கிச்சு.”

“ஏன் ஆறாம் நாள்ல வந்த?”

முனுசாமி மேசையில் இருந்த மீதிப் படிவங்களைத் தட்டி ஒழுங்காக்கினார்.

“அஞ்சு நாள்தான சார் சாங்சன் ஆச்சு.”

தணிகாசலத்துக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. வருடத்துக்கு ஆயிரம் விடுப்பு மனு. பிறகு ஒன்று மட்டும் மெல்ல மேலே வந்தது. ஜூன் மாதம், ரோலிங் பிரிவு, மச்சான் இறந்துவிட்டதால் பதினைந்து நாள் விடுப்பு வேண்டும் என்ற மனு. பதினைந்தை அடித்து ஐந்தாக்கி, ஓரத்தில் பச்சை மையில் ‘மச்சான் சாவுக்கு இது போதும்’ என்று எழுதியது. எழுதிவிட்டு வினோதாவிடம் காட்டியது. அவள் சிரிக்கவில்லை என்பதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

“மச்சான்னு எழுதியிருந்த...” என்றார்.

“எனக்கு மச்சானே கெடையாது சார். எங்க ஊட்டுக்காரி கூடப்பொறந்தது மூணும் பொண்ணு.”

அறையில் ரப்பரும் தோலும் கலந்த வாசனை. மணி நாலு ஐம்பது. ஸ்நேகா வந்து கதவைத் தட்டி, உறையைக் கேட்டாள். முனுசாமி எழுந்து தாழ்ப்பாளைத் திறந்து, கதவிடுக்கு வழியாகவே அதைக் கொடுத்துவிட்டு மறுபடி சாத்தினார். உள்ளே இருக்கிறவரை அவள் பார்க்க வேண்டாம் என்று அவர் நினைத்தது தணிகாசலத்துக்குப் புரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“ஆறாம் நாள் வந்தப்ப ரொம்ப வலிச்சுதா?”

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது. ஆனால் முனுசாமி அதற்கும் யோசித்துத்தான் பதில் சொன்னார், மற்ற எல்லோரிடமும் கேட்டு எழுதிய அதே நிதானத்தோடு.

“சும்மா நிக்கறப்ப இல்ல சார். கம்பி தூக்கறப்பதான்.”